அரசுகள் மாறும், அடையாளம் வளரும்

முன்னுரை

உலக வரைபடத்தைச் சுவரில் தொங்கவிட்டுக் கண்டங்களைச் சுட்டிக் காட்டும்போது, அவை படைப்புக் காலந்தொட்டு அதே பெயருடனும் அதே எல்லையுடனும் இருந்து வருவன போன்றதொரு மயக்கம் நமக்குத் தோன்றுவதுண்டு. உண்மை அதுவன்று. உரோமர் 'ஆசியா' என்று பெயரிட்டு ஆண்டது இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் அமைந்த ஒரு மாகாணத்தைத்தான். 'ஆப்பிரிக்கா' என்பதும் அவ்வாறே கார்த்தேஜ் நகரைச் சூழ்ந்த ஒரு மாகாணத்தின் பெயராக இருந்ததுதான். படையோடும் வணிகரோடும் நடந்து நடந்து அப்பெயர்கள் இருபெருங் கண்டங்களுக்கு உரியவாயின. ஐரோப்பாவையும் ஆசியாவையும் பிரிக்கக் கடல் ஏதும் இல்லை. யூரல் மலைத்தொடரை எல்லையாகக் கொள்ளும் வழக்கம் பதினெட்டாம் நூற்றாண்டில் உண்டாயிற்று. இயற்கை நிலத்தைத் தந்தது; எல்லையையும் பெயரையும் மனிதர் தந்தனர்.

ஒரு பெருநிலத்தின் அரசியல், சமுதாயம், பண்பாட்டு அடையாளம் ஆகிய மூன்றும் காலப்போக்கில் எவ்வாறு மாறுகின்றன என்பது அறிஞர் பலர் ஆராயும் பொருள். அதனைக் கண்டம் முழுவதும் சுற்றி வந்து காணவேண்டுமென்பதில்லை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். நாம் வாழும் திருவண்ணாமலை வட்டாரமே அதற்குப் போதிய சான்றுகளைத் தன்னகத்தே கொண்டுள்ளது.

இப்பொருளை எழுதத் தூண்டியது ஒரு மாணவரின் வினா. வகுப்பில் இலக்கிய வரலாறு நடத்திக்கொண்டிருந்தபோது அவர் எழுந்து, "ஐயா, இந்த மண்ணுக்கு நாம் எப்போது வந்தோம்?" என்று கேட்டார். பேருந்துப் பயணத்தில் யாரோ ஒருவர் அவரிடம் கேட்ட கேள்வியாம் அது. அவருக்கு விடை தெரியவில்லை. அன்று இரவு உறக்கமும் வரவில்லை என்றார். எனக்கும் ஒரே தொடரில் விடை கூற இயலவில்லை. இக்கட்டுரை அந்த மாணவர்க்கு நான் தரக் கடமைப்பட்ட விடையாகும்.

கல்லில் நின்றவர்

இவ்வட்டாரத்தின் மிகப் பழைய இலக்கியச் சான்று பத்துப்பாட்டுள் இறுதியாக வைக்கப்பெற்ற மலைபடுகடாம். 583 அடிகளால் அமைந்த இந்நூல், செங்கண்மா என்னும் ஊரிலிருந்து ஆண்ட நன்னன் என்ற தலைவனைப் பாடுகிறது. அவ்வூரே இன்றைய செங்கம். சேயாறும் மலைவழிகளும் தினைப்புனமும் அதில் பேசப்படுகின்றன. அங்கு நாம் காண்பது பேரரசு அன்று. ஒரு மலைநாட்டுத் தலைவனும், அவனை நாடிச் செல்லும் கூத்தரும், வழியில் அவர்க்கு உணவளிக்கும் குடிகளுமே.

அடுத்த சான்று கல்லில் உள்ளது. செங்கம் வட்டாரத்து நடுகற்கள் தமிழக வரலாற்று ஆய்வில் தனியிடம் பெற்றவை. பல்லவ மன்னரின் ஆட்சியாண்டு குறித்து வட்டெழுத்தில் பொறிக்கப்பெற்ற இக்கற்களில், மன்னன் பெயர் காலத்தைக் குறிக்கவே வருகிறது. கல்லின் நாயகன், கால்நடைகளைக் கவரவந்தாரோடு பொருது வீழ்ந்த ஊர் வீரன். எடுத்தனூர் நடுகல்லிலோ, வீரனோடு நின்ற கோவிவன் என்னும் நாயும் இடம்பெற்றுள்ளது. எம்.ஃபில். ஆய்வுக் காலத்தில் அக்கல்லின் முன் நின்றபோது, அரசர் வரலாறு வேறு, மக்கள் வரலாறு வேறு என்ற உண்மை எனக்கு முதன்முதலாகப் புலனாயிற்று. பல்லவர் பெயரை ஊரார் மறந்துவிட்டனர். ஆனால் நடுகற்கள் பலவற்றை வேடியப்பன் என்று பெயரிட்டு இன்றும் வணங்கி வருகின்றனர்.

மூன்றாவது சான்று போளூர் அருகிலுள்ள திருமலை. சமணம் இப்பகுதியில் எத்துணை ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்கு அம்மலையின் நேமிநாதர் சிலையும், இராசராசனின் தமக்கை குந்தவையின் பெயரால் விளங்கும் சினாலயமும் சாட்சி. சைவப் பேரரசின் அரசகுலப் பெண்ணொருத்தி பெயரால் சமணக் கோயில் எழுந்த நாடு இது. வந்தவாசிப் பகுதியில் தமிழ்ச் சமணர் இன்றும் வாழ்ந்து வருகின்றனர். அவர்தம் தாய்மொழி தமிழே.

வல்லாள மகாராசன்

அரசியல் மாற்றமும் பண்பாட்டு நினைவும் எவ்வாறு வெவ்வேறு வழியில் செல்லும் என்பதை விளக்க வல்லாளன் வரலாற்றைவிடச் சிறந்ததொரு சான்று இல்லை எனலாம்.

மூன்றாம் வீர வல்லாளன் போசள மன்னன். கன்னட நாட்டுத் துவாரசமுத்திரம் அவன் முன்னோரின் தலைநகர். வடக்கிலிருந்து வந்த படையெடுப்புகளுக்குப் பின்னர் அவன் திருவண்ணாமலையைத் தன் தலைநகராகக் கொண்டான். முதுமைக் காலத்தில் மதுரைச் சுல்தானோடு கண்ணனூர்க் கொப்பத்தில் பொருது, 1342ஆம் ஆண்டின் வாக்கில் பிடிபட்டுக் கொல்லப்பட்டான். இச்செய்தியை விரிவாக எழுதி வைத்தவர் மொராக்கோ நாட்டு யாத்திரிகர் இப்னு பதூதா. அவர் மதுரைச் சுல்தானுக்கு உறவினர். இருவரும் அக்காள் தங்கையரை மணந்தவர்.

இந்நிகழ்ச்சியை இரு சமயத்தாரின் போர் என்று மட்டும் கூறி முடிப்பார் உளர். ஆனால் இப்னு பதூதாவின் நூலைப் பயில்வார்க்கு இரண்டு செய்திகள் வியப்பளிக்கும். ஒன்று, வல்லாளனின் படையில் ஏறத்தாழ இருபதாயிரம் முசுலிம்கள் இருந்தனர் என அவர் குறிப்பிடுவது. அவர்களைக் குற்றவாளிகள் என்றும், எசமானரிடமிருந்து ஓடிவந்த அடிமைகள் என்றும் அவர் இழித்துரைப்பினும், அவர்கள் அப்படையில் இருந்தனர் என்பதை மறைக்கவில்லை. மற்றொன்று, அச்சுல்தான் பெண்டிரையும் குழந்தைகளையும் கொன்ற கொடுமையைக் கண்டு, இத்தகைய இழிசெயலை வேறெந்த அரசனிடமும் தாம் கண்டதில்லை என்றும், அதனாலேயே இறைவன் அவன் முடிவை விரைவுபடுத்தினான் என்றும் அவர் எழுதியிருப்பது. உறவும் சமயமும் ஒன்றாயிருந்தும் அநீதியை அநீதி என்றே அவர் பதிவு செய்தார். கொடுமை நிகழ்ந்தது உண்மை. அதனை மறைப்பது நமக்கு அழகன்று. அதனைக் கண்டித்த குரலும் அன்றே எழுந்தது என்பதும் உண்மை.

இனி மக்கள் நினைவில் வல்லாளன் எவ்வாறு நிலைத்தான் என்று காண்போம். கன்னட நாட்டு மன்னன் இங்குப் பிள்ளையில்லாத வல்லாள மகாராசன் ஆனான். அண்ணாமலையாரே அவனுக்கு மகனானார் என்று கதை பிறந்தது. ஆண்டுதோறும் மாசி மகத்தன்று அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி, மகன் தந்தைக்குச் செய்யும் நீத்தார் கடனை வல்லாளனுக்குச் செய்யும் சடங்கு இன்றும் நடைபெறுகிறது. திருக்கோயிலில் வல்லாள கோபுரம் அவன் பெயர் தாங்கி நிற்கிறது. போசள அரசு ஏறத்தாழ 680 ஆண்டுகளுக்கு முன் மறைந்தது. ஆயினும் அயல்மொழி பேசிய மன்னனை இவ்வூர் தன் குடும்பத்தில் ஒருவனாக்கிக் கொண்டது. 'எப்போது வந்தாய்?' என்று அவனை ஒருவரும் கேட்கவில்லை.

கர்நாடகம் என்னும் பெயர்

வல்லாளனுக்குப் பின் விசயநகரப் பேரரசு எழுந்தது. படைவீட்டிலிருந்து ஆண்ட சம்புவராயரைக் குமார கம்பணன் வென்றான். திருவண்ணாமலைக் கோயிலின் பதினொரு நிலைக் கோபுரமும் ஆயிரங்கால் மண்டபமும் கிருட்டிணதேவராயர் காலத் திருப்பணிகள். தெலுங்கிலும் கவிபாடிய அவ்வேந்தர் காலத்தில் தொடங்கிய கோபுரத்தைத் தஞ்சை நாயக்கர் நிறைவுறச் செய்தனர். 217 அடி உயரமுடைய அக்கோபுரம் இன்று தமிழர் பண்பாட்டின் சின்னமாகவே கருதப்படுகிறது. கருதப்படுவது முறையே.

விசயநகர அரசு 'கர்நாடக' அரசு எனப்பட்டது. அதனால் அதற்குட்பட்ட தமிழ்ப் பகுதிக்கும் அப்பெயர் பரவியது. விசயநகரம் வீழ்ந்த பின்னும் பெயர் இங்கேயே தங்கிவிட்டது. ஆர்க்காட்டு நவாபு 'கர்நாடக நவாபு' எனப்பட்டார். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் தமிழ் மண்ணில் நடத்திய போர்கள் 'கர்நாடகப் போர்கள்' ஆயின. தஞ்சையிலும் திருவாரூரிலும் வளர்ந்த இசை 'கர்நாடக இசை' ஆயிற்று. பழைமையில் ஊறியவரைச் 'சுத்தக் கர்நாடகம்' என்று சொல்லும் பேச்சுவழக்கும் தோன்றியது. நம் அண்டை மாநிலமோ 1973 நவம்பர் 1 வரை மைசூர் மாநிலமாகவே இருந்து, அதன் பின்னரே கர்நாடகம் என்னும் பெயர் பெற்றது. நம் மாநிலம் சென்னை மாநிலம் என்ற பெயர் நீங்கித் தமிழ்நாடு ஆனது 1969 சனவரி 14ஆம் நாள். ஆசியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நேர்ந்தது நமக்கும் நேர்ந்தது என்பதை இதனால் உணரலாம்.

திருவண்ணாமலையின் நிருவாகப் பெயர்களும் இவ்வாறே மாறியுள்ளன. 1911 வரை தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்த திருவண்ணாமலை வட்டம், அதன்பின் வடஆர்க்காட்டில் சேர்க்கப்பட்டது. 1989 செப்டம்பர் 30ஆம் நாள் திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் உதயமாயிற்று. அறுநூறு ஆண்டுகளுக்கு முன் ஆட்சி இழந்த குலத்தின் பெயர் மீண்டும் ஏடேறியது. 1997இல் மாவட்டங்களின் பெயர்களிலிருந்து தலைவர் பெயர்கள் நீக்கப்பட்டபோது சம்புவராயர் மீண்டும் விடைபெற்றார். 2024இல் திருவண்ணாமலை நகராட்சி மாநகராட்சியாக உயர்ந்தது. ஒரு மனிதர் பிறந்த வீட்டை விட்டு அசையாமலே, தம் வாழ்நாளில் இரண்டு மாநிலப் பெயர்களையும் மூன்று மாவட்டப் பெயர்களையும் தம் முகவரியில் எழுதியிருக்கக்கூடும்!

தேசிங்கும் மகபத்கானும்

செஞ்சிக் கோட்டை கைமாறிய வேகம் அரசியலின் நிலையாமைக்கு எடுத்துக்காட்டு. நாயக்கரிடமிருந்து 1649இல் பிசப்பூர்ச் சுல்தானிடமும், 1677இல் சிவாசியிடமும், 1698இல் மொகலாயரிடமும் அது சென்றது. ஐம்பது ஆண்டுகளுக்குள் நான்கு ஆட்சிகள்.

அதன்பின் அங்கு ஆண்ட தேசிங்கு தமிழர் அல்லர். புந்தேல்கண்டிலிருந்து வந்த இராசபுத்திர மரபினர். 1714இல் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானின் படையை எதிர்த்து அவர் வீழ்ந்தார். அப்போரில் தேசிங்கின் பக்கம் நின்று உயிர்துறந்தவர் அவர்தம் நண்பர் மகபத்கான். மணக்கோலத்தில் இருந்தவர் நண்பனின் அழைப்பைக் கேட்டதும் போர்க்களம் புறப்பட்டார் என்று நாட்டுப்புறக் கதைப்பாடல் சொல்கிறது. நவாபும் முசுலிம், நவாபை எதிர்த்து மாண்டவரும் முசுலிம். தமிழறியாத மண்ணில் வேர்கொண்ட இவ்வீரர்களைத் தமிழ்க் கதைப்பாடல் தன் நாயகர்களாக்கிக் கொண்டது. ஊர்தோறும் பாடப்பட்ட அக்கதையில் மக்கள் போற்றியது வென்ற நவாபை அன்று, தோற்ற நட்பையே.

1767 செப்டம்பரில் செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் நடந்த போர்களையும் இங்கு நினைவுகூரலாம். ஒருபுறம் ஐதர் அலியும் நிசாமும். மறுபுறம் ஆங்கிலேயக் கும்பினியும் அதன் நண்பர் ஆர்க்காட்டு நவாபு முகமது அலியும். சமயத்தைக் கொண்டு இப்போரின் அணிகளைப் பிரிக்க முயல்வார்க்குத் தோல்வியே மிஞ்சும். அந்நூற்றாண்டில் திருக்கோயிலே கோட்டையாகப் பயன்பட்டு முற்றுகைகளைத் தாங்கியது. படைகள் மாறி மாறி நடந்தபோது அழிந்தவை உழவரின் பயிர்களே. இறுதியில் 1801இல் கர்நாடகம் முழுவதும் கும்பினி ஆட்சியின் கீழ் வந்தது.

வேங்கிக்காலில் ஒரு திங்கட்கிழமை

அரசுகள் போயின, அவை விட்டுச் சென்றவை எங்கே உள்ளன? கோட்டைகளில் சிறிதும், நம் நாவில் பெரிதும் உள்ளன என்பது என் கருத்து.

வேங்கிக்கால் எங்கள் ஊர். ஏரியும் வயலுமாக இருந்த ஊரில் இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்துள்ளது. திங்கட்கிழமைகளில் குறைதீர் நாளன்று மனு எழுதத் தெரியாத முதியோர் சிலர் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வருவதுண்டு. ஒருநாள் சவ்வாதுமலைப் பக்கத்திலிருந்து வந்த மூதாட்டியார் ஒருவர் தம் குறையைக் கூறினார். அவர் பயன்படுத்திய சொற்களை அவர் சென்றபின் குறித்து வைத்தேன். பட்டா, சிட்டா, அடங்கல், வாரிசு, தாசில்தார், சமாபந்தி, அசல், நகல், பாக்கி, ரசீது. இவற்றுள் அடங்கல் தமிழ், பட்டா வடமொழி வழிவந்தது, சிட்டா மராத்தி, இந்துத்தானி வழிப்பட்டது, வாரிசும் அசலும் நகலும் பாக்கியும் அரபு, ரசீது பாரசீகம், தாசில்தாரும் சமாபந்தியும் அரபும் பாரசீகமும் கலந்தவை. ஆட்சியரின் அறையிலுள்ள சன்னலும் அலமாரியும் சாவியும் போர்த்துகீசியர் தந்த சொற்கள். பள்ளிக்கூடம் காணாத அந்த மூதாட்டியார் ஒரே மூச்சில் பல நூற்றாண்டு அரசியல் வரலாற்றைப் பேசிவிட்டுப் போனார். ஒரு சொல்லையேனும் அயற்சொல் என்று அவர் எண்ணவில்லை.

இது நமக்கு மட்டும் உரிய நிலை அன்று. இசுபானிய நாட்டில் அரபியர் ஆட்சி 1492இல் கிரானடா வீழ்ச்சியோடு முடிந்தது. 1609 முதல், மதம் மாறி வாழ்ந்த முசுலிம் மரபினரும் நாடு கடத்தப்பட்டனர். எனினும் அந்நாட்டின் பேராறு இன்றும் 'குவாடல்கிவிர்' என்றே ஓடுகிறது. 'வாதி அல் கபீர்', பேராறு, என்னும் அரபுத் தொடரின் திரிபு அது. அவர்கள் சர்க்கரையை 'அசூக்கர்' என்பர். அது அரபு 'சுக்கர்' என்பதிலிருந்து வந்தது. அந்த அரபுச் சொல்லோ நம் நாட்டுச் 'சர்க்கரா' என்பதிலிருந்து சென்றது. ஆட்களை வெளியேற்ற ஆணை போதும். சொற்களை வெளியேற்ற எந்த ஆணையும் போதாது.

சமுதாய மாற்றம் இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வேகத்தில் நிகழ்வது. அரசு மாறினாலும் ஊர்க் கணக்கும் மணியமும் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றுகொண்டிருந்தன. நவாபு ஆட்சியும் கும்பினி ஆட்சியும் விடுதலை பெற்ற நாட்டின் ஆட்சியும் அதனை உடனே மாற்றிவிடவில்லை. பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகள் 1980இல்தான் ஒழிக்கப்பட்டன. பின்னர் எக்குலத்தவரும் தேர்வெழுதிக் கிராம நிருவாக அலுவலர் ஆகும் நிலை வந்தது. மூதாட்டியாரின் பேத்தி அப்பணிக்குப் படித்துக்கொண்டிருப்பதாக அவர் சொன்னபோது, இராசகோபுரத்தைக் காட்டிலும் உயர்ந்த ஒன்றைக் கண்டது போல் இருந்தது.

பள்ளி என்னும் சொல்

இனி மாணவரின் வினாவுக்கு வருவோம். தமிழ் முசுலிம்கள் இறைவணக்கத்தைத் தொழுகை என்கின்றனர். விரதத்தை நோன்பு என்கின்றனர். திருநாளைப் பெருநாள் என்கின்றனர். வணங்கும் இடத்தைப் பள்ளி என்கின்றனர். யாவும் தூய தமிழ்ச் சொற்கள். நம் வட்டாரத்தில் உருதுவைத் தாய்மொழியாகக் கொண்ட சகோதரர்களும் பலர் வாழ்கின்றனர். அவர்கள் நமாசு என்பதும் நாம் தொழுகை என்பதும் ஒன்றே. ஒரே வரிசையில் தோளொடு தோள் சேர்ந்து நிற்கும் இருவர் இருமொழியினர் என்பது நம் வரலாற்றின் இரு வழிகளைக் காட்டும். ஒன்று கடல்வழி வணிகம். மற்றொன்று தக்காணத்து நிலவழி ஆட்சி.

'பள்ளி' என்ற சொல்லின் வரலாறு சிந்திக்கத்தக்கது. சமண முனிவர் உறைவிடம் பள்ளி எனப்பட்டது. அவர்தம் அறநிலையங்களுக்கு விடப்பட்ட நிலம் பள்ளிச்சந்தம் எனப்பட்டது. அவர்கள் கல்வி கற்பித்த இடத்தின் நினைவாகப் பள்ளிக்கூடம் என்னும் வழக்கு வந்தது என்பர். திருப்புல்லாணிக் கல்வெட்டொன்று, பாண்டிய மன்னன் சோனகரின் பள்ளிக்கு நிலம் விட்ட செய்தியைத் தெரிவிக்கிறது. சமணர்க்குரிய அதே சொல்லால் முசுலிம்களின் வழிபாட்டிடமும் சுட்டப்பட்டது. திருமலையில் சமணர் உறைந்த பள்ளியும், நம் பிள்ளைகள் பயிலும் பள்ளியும், நாம் தொழும் பள்ளியும் ஒரே சொல்லின் மூன்று கிளைகள். இவற்றுள் எது முந்தி வந்தது, எது பிந்தி வந்தது என்று கிளைகளை வெட்டத் தொடங்கினால் மரம் எஞ்சாது.

இலக்கியமும் இதனையே கூறும். திருவண்ணாமலை ஈன்ற அருணகிரிநாதர் தம் திருப்புகழில் 'சலாம்' என்னும் அரபுச் சொல்லைத் தேவர் முருகனை வணங்குவதற்கே ஆண்டுள்ளார். அச்சொல் அவர் காலத்திலேயே தமிழர் செவிக்குப் பழகியிருந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. மறுதலையாக, 1572இல் தோன்றிய 'ஆயிர மசலா' முதல் இசுலாமியத் தமிழ் இலக்கியம் தொடர்ந்து வளர்ந்தது. உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் அரபு நாட்டைப் பாடப் புகுந்தபோது, மழையும் ஆறும் மருத வயலும் கொண்டு தமிழ் மரபுப்படி நாட்டு வளம் பாடினார். பாலைவனம் அறியாதவரல்லர் அவர். தம் உள்ளத்துக்கு உயர்ந்த நிலத்தைத் தாம் அறிந்த மிகச் சிறந்த நிலமாகக் காட்டினார். தமிழ்ப் புலவர் வேறு எவ்வாறு பாடுவார்?

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் மூன்று உண்மைகள் தெளிவாகும். அரசியல் ஒரு போரில், ஓர் ஒப்பந்தத்தில், ஓர் அரசாணையில் மாறிவிடும். சமுதாயம் தலைமுறைகள் கடந்து மாறும். பண்பாட்டு அடையாளமோ பழையதை விட்டு ஓடுவதில்லை. புதியதைச் சேர்த்துக்கொண்டு வளர்கிறது. ஏரியில் வந்து சேர்ந்த நீரை எந்தக் கால்வாய் கொணர்ந்தது என்று பிரித்தெடுக்க எவராலும் இயலாது. வேங்கிக்கால் ஏரிக்கரையில் வளர்ந்த எனக்கு இவ்வுண்மை இளமையிலேயே விளங்கியிருக்க வேண்டும்.

இவ்வளர்ச்சி இன்றும் நின்றுவிடவில்லை. மதுரையிலிருந்து 1896இல் இங்கு வந்த ஓர் இளைஞர் இரமண மகரிசி ஆனார். அவரை நாடி மேலைநாட்டார் வந்தனர். இன்று பௌர்ணமி தோறும் கிரிவலம் வருவோரில் ஆந்திர, தெலங்கானா மக்கள் மிகுதி. கடைப்பலகைகளில் தெலுங்கு எழுத்துகள் ஏறியுள்ளன. நாளை இதுவும் இவ்வூரின் அடையாளங்களுள் ஒன்றாகும்.

அன்று வினவிய மாணவருக்கு என் விடை இதுதான். நம் முன்னோருள் சிலர் கடல்வழி வந்தனர். சிலர் நிலவழி வந்தனர். மிகப் பலர் எங்கிருந்தும் வரவில்லை, இங்கேயே இருந்து மார்க்கம் ஒன்றை ஏற்றனர். வல்லாளன் வந்தான், நாயக்கர் வந்தனர், தேசிங்கு வந்தார். வந்தவர் யாவரையும் இம்மண் தன் கதைக்குள் சேர்த்துக்கொண்டது. எப்போது வந்தோம் என்பது வரலாற்று வினா. அதற்கு நூல்கள் விடை தரும். வந்த இடத்தில் என்ன ஆனோம் என்பதே வாழ்க்கை வினா. அதற்கு நாம் தொழுகை என்று சொல்லும் சொல்லே விடை. மீண்டும் பேருந்தில் யாரேனும் கேட்டால், சினம் கொள்ளாமல், தலை குனியாமல், இதனை அவருக்குத் தமிழில் எடுத்துச் சொல்லுங்கள். கேட்டவரும் அதே தமிழில்தானே கேட்டார்!